மேடை அமைப்பு பார்வையாளரை என்ன செய்கிறது? தெருக்கூத்தை வைத்துப் பழகும் முறை

"மேடை பிரமாதம், லைட்டிங் அருமை" என்று எழுதினால் அது பாராட்டு, அலசல் ஆகாது. அலசலில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: மேடையில் என்ன செய்திருக்கிறார்கள், அதனால் பார்ப்பவர் கண்ணும் உடம்பும் என்ன செய்தன, அதில் கதை அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

பழகுவதற்குத் தெருக்கூத்து வசதி. விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில் திரைக்குப் பின்னிருந்து வேடம் வருவதைப் பலமுறை பார்க்கலாம். சபா நாடகத்தில் அதே காட்சியை மறுபடி பார்க்க இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டும்.

1. வரைபடம்

அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். ஒரு தாளில் களரி (கூத்தாடும் இடம்), பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சு, விளக்குகள், ஒலிபெருக்கி, ஜனங்கள் உட்காரும் மூன்று பக்கம் எல்லாவற்றையும் குறியுங்கள். தூரத்தைக் காலடியால் அளந்தால் போதும். ஒலிபெருக்கி எங்கே என்பதை மறக்காதீர்கள். பாட்டு களரியிலிருந்து வராமல் கம்பத்திலிருந்து வந்தால், யார் பாடுகிறார் என்று ஓரத்தில் இருப்பவர் தேடுவார். அதைத் திரையின் குறையாக எழுதிவிடக் கூடாது.

2. ஒரே ஓர் அம்சம்

திரையை மட்டும் எடுங்கள். இரண்டு பேர் துணியைப் பிடித்திருக்க, துரியோதனன் பின்னால் நின்று பாடுகிறான். தெரிவது கிரீடத்தின் நுனி, கேட்பது சலங்கை. துணி விலகும்போதுதான் முழு வேடம். இதில் மறைப்பதுதான் வடிவமைப்பு.

3. களரிக்கு முதுகைக் காட்டுங்கள்

கஷ்டமான படி இதுதான்: ஆட்டத்தை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்ப்பது. பக்கத்துக்கு 4 பேராக 12 பேரைத் தேர்ந்துகொண்டு, 30 விநாடிக்கு ஒருமுறை குறியுங்கள்: களரியைப் பார்த்தால் 'க', பேசினால் 'பே', போன் என்றால் 'போ', தூங்கினால் 'தூ'. துணி விலகிய நேரத்தில் ஒரு கோடு. பென்சிலும் அட்டையும் போதும். உங்கள் போன் வெளிச்சம் பக்கத்தில் இருப்பவரைத் திருப்பிவிடும்.

வேடம் வருவதற்கு 5 நிமிடம் முன்பே குறிக்கத் தொடங்குங்கள். இரவு 10 மணிக் கூட்டமும் 2 மணிக் கூட்டமும் ஒன்றல்ல. 2 மணிக்கு ஐந்து பேர் தூங்கினால் அது திரையின் தோல்வியா, தூக்கமா? முன் 5 நிமிடக் கணக்கு இருந்தால்தான், எத்தனை பேர் நிமிர்ந்தார்கள் என்று சொல்ல முடியும்.

4. விளக்கு

கட்டைகளில் (வேடக்காரர் அணியும் மர அணிகலன்கள்) பதித்த கண்ணாடித் துண்டுகளைக் கவனியுங்கள். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் வேடக்காரர் சுற்றும்போது மின்னி மின்னி மறையும். கண் தானாக அங்கே போகும். நாலாபக்கமும் டியூப்லைட் கட்டினால் நிழல் போய் முகம் தட்டையாகத் தெரியும், மின்னலும் அமுங்கும். சிவப்பு விளக்குப் போட்டால் பச்சைத் துணி கறுத்துப்போகும். "உடை மங்கல்" என்று எழுதுமுன் விளக்கைப் பாருங்கள்.

5. அரங்கத்தோடு ஒப்பிடுதல்

அதே குழு நகரத்து அரங்கில் ஆடினால் போய்ப் பாருங்கள். அங்கே கூட்டம் ஒரே பக்கம், இருட்டில். களரியிலோ எதிரே சிரிக்கிறவர் முகம் தெரியும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேச்சுக்குச் சிரிப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தொற்றும். அரங்கில் சிரிப்பு குறைந்தால் நடிகரைக் குறை சொல்லுமுன் இருக்கை வரிசையைப் பாருங்கள்.

6. கேள்வி

"திரை பிடித்ததா?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் பதில் வரும். "துரியோதனன் வந்தபோது முதலில் என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். காட்சி முடிந்த சூட்டோடு கேட்க வேண்டும். விடிந்தபின் எல்லா வேடமும் கலந்துவிடும்.

7. எழுதுவது

இந்த அளவில் ஒரு வாக்கியம் அமைந்தால் போதும்: "திரை விலகுமுன் 12 பேரில் 6 பேர் களரியைப் பார்த்தார்கள், விலகியதும் 10 பேர், இடப்பக்கம் இருந்த இருவருக்குத் திரை பிடித்தவரின் முதுகு மறைத்தது." இவை மாதிரி எண்கள், உங்கள் தாளில் வருவதை எழுதுங்கள். அந்த இருவரை விட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கத்துக்காக அமைத்தார்கள் என்பது அவர்களிடம்தான் தெரியும்.