கணையப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின்: பயாப்சி அறிக்கையில் நெறிகட்டிக் கணக்கைப் படிப்பது எப்படி?

கணையத்தின் தலைப்பகுதியில் இருந்த கட்டியை விப்பிள் (கணையத்தின் தலையையும் அதையொட்டிய குடல் பகுதியையும் எடுக்கும்) அறுவை சிகிச்சையில் அகற்றிய பிறகு பயாப்சி அறிக்கை வரும் நாளில், தாராபுரத்திலிருந்தோ கோபியிலிருந்தோ கோவைக்கு வந்து காத்திருக்கும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "நெறிகட்டிக்குப் பரவிடுச்சுங்களா டாக்டர்?" என்பதுதான். ஆம் அல்லது இல்லை என்ற ஒரு சொல்லோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளாதீர்கள். நெறிகட்டி என்று நாம் சொல்லும் நிணநீர்க் கணுக்களில் எத்தனையைப் பார்த்தார்கள், அவற்றில் எத்தனையில் நோய் இருந்தது என்ற இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

அறிக்கையில் இவை 3/18 என்பதுபோல் பின்னமாக இருக்கும். அதாவது, பரிசோதித்த 18 நிணநீர்க் கணுக்களில் 3-இல் புற்றணுக்கள் தென்பட்டன. ஒன்றிலும் இல்லையென்றால் என்0 (N0), ஒன்று முதல் மூன்று வரை என்றால் என்1 (N1), நான்கும் அதற்கு மேலும் என்றால் என்2 (N2) என்பது 2018 முதல் நடைமுறையில் உள்ள வகைப்பாடு. வேறு உறுப்புகளுக்குப் பரவாத நிலையில், என்1 பெரும்பாலும் இரண்டாம் நிலையின் பிற்பகுதியிலும் என்2 மூன்றாம் நிலையிலும் சேரும். பெருந்தமனியை ஒட்டியுள்ள தொலைக் கணுக்களில் நோய் இருந்தால் அது இந்தக் கணக்கில் வராது. அதை நான்காம் நிலையாகவே கொள்வார்கள்.

பின்னத்தின் கீழ் எண்ணைப் பலரும் கவனிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. எடுத்த திசுவின் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும், சில மில்லிமீட்டர் அளவே உள்ள கணுக்களை நோயியல் மருத்துவர் விரலால் தடவித் தடவித் தேடி எடுக்கிறார். குறைந்தது 12, முடிந்தால் 15 கணுக்களாவது பார்க்கப்பட வேண்டும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டையின் வாயில் கிடக்கும் நான்கு விரலி மஞ்சளை மட்டும் பார்த்து யாரும் விலை பேசுவதில்லை. 0/5 என்ற அறிக்கையும் 0/20 என்ற அறிக்கையும் ஒரே நிம்மதியைத் தர முடியாது. எண்ணிக்கை குறைவாக இருந்தால், மீதித் திசுவில் மீண்டும் தேடிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. அறுவைக்கு முன்பே கீமோ கொடுத்திருந்தால் கணுக்கள் சுருங்கி, எண்ணிக்கை குறைந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுள் பற்றிய கேள்விக்கு வருவோம். 2017-இல் வெளியான, பல மருத்துவமனைகளை உள்ளடக்கிய ஓர் ஆய்வில், அறுவைக்குப் பின் ஐந்து ஆண்டுகள் உயிரோடிருந்தவர்கள் என்0-வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், என்1-இல் ஐந்தில் ஒருவர், என்2-இல் பத்தில் ஒருவர். இது கடுமையான கணக்குதான். ஆனாலும் அது கூட்டத்தின் கணக்கு. கட்டியின் அளவு, வெட்டிய விளிம்பில் நோய் மிச்சமிருக்கிறதா என்பது, இரத்தத்தில் பார்க்கும் சிஏ 19-9 என்ற புற்றுக்குறியீட்டின் அளவு அறுவைக்குப் பின் எவ்வளவு இறங்கியது என்பது ஆகிய அனைத்தையும் சேர்த்துத்தான் உங்கள் வீட்டு நோயாளியின் நிலையை மருத்துவர் சொல்ல முடியும்.

கணுக்களின் எண்ணிக்கையை நம்மால் மாற்ற முடியாது. அடுத்த கட்ட கீமோவுக்கு நோயாளியைத் தயாராக்குவது பெருமளவு நம் கையில் இருக்கிறது. 2018-இல் வெளியான பிரான்ஸ், கனடா ஆய்வில், நான்கு மருந்துகள் கொண்ட மாற்றியமைத்த ஃபால்ஃபிரினாக்ஸ் என்ற கீமோ பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம்) 54.4 மாதங்கள், ஜெம்சிடபின் என்ற ஒரே மருந்தை மட்டும் பெற்றவர்களுக்கு 35 மாதங்கள். அதில் கணுக்களில் நோய் பரவியவர்களே பெரும்பான்மையினர். ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் ஓரளவு தெம்போடு தேறியவர்கள். உடல் தளர்ந்தவர்களுக்கு ஜெம்சிடபினோடு கேபசிடபின் மாத்திரை போன்ற இலகுவான முறைகளை மருத்துவர் தேர்ந்தெடுக்கலாம். பொதுவாக 12 வாரங்களுக்குள் தொடங்கி, ஏறத்தாழ ஆறு மாதம் தொடர்வார்கள்.

அந்தத் தெம்பு சாப்பாட்டில்தான் வரும். அறுவை முடிந்தவர்களுக்கு வெறும் கஞ்சியையே மாதக்கணக்கில் கொடுப்பது நம் பக்கத்து வீடுகளில் வழக்கம். எடை மளமளவென்று இறங்கிவிடும். மருத்துவர் அனுமதித்ததும் அரிசிம்பருப்புச் சோறு, முட்டை, தயிர் என்று சிறிது சிறிதாகப் பலவேளை கொடுங்கள். கணைய நொதி மாத்திரையை எழுதித் தந்திருந்தால், அதை உண்ட பிறகு அல்ல, முதல் கவளத்தோடு விழுங்கச் சொல்லுங்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் அளவு போதவில்லை என்று பொருளாகலாம், மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்கள், கீமோவுக்குத் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டுமா என்பதை வீடு திரும்பும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். வேறு மருத்துவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்பதானால் அறிக்கையின் நகல் மட்டும் போதாது. எடுத்த திசுவின் சீவல்கள் உள்ள கண்ணாடித் தகடுகளையும் மீதித் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளையும் ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்து வாங்கிச் செல்லுங்கள்.