பெயர் ஒன்று, ஆள் இரண்டு: பேஸ்பால் பதிவுகளைப் பிரித்தெடுப்பது எப்படி

அமெரிக்க மேஜர் லீகின் பேட்டிங் பதிவுகளை எக்செலில் போட்டு, ஆட்டக்காரர் பெயரை வைத்து ஹோம் ரன்களை (பெரும்பாலும் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து எடுக்கும் ரன்) கூட்டிப் பாருங்கள். ஃபிராங்க் தாமஸ் 807 அடித்து, 762 அடித்த பாரி பாண்ட்ஸையே முந்தியிருப்பார்! உண்மையில் 1951 முதல் 1966 வரை ஆடிய ஃபிராங்க் தாமஸ் அடித்தது 286. 1990 முதல் 2008 வரை ஆடிய இன்னொரு ஃபிராங்க் தாமஸ் அடித்தது 521.

இவர்கள் காலத்தால் விலகி நிற்பதால் ஆண்டைப் பார்த்தே பிரித்துவிடலாம். அலெக்ஸ் கோன்சாலஸ் விஷயத்தில் அது நடக்காது. அந்தப் பெயரில் இருந்த இருவரும் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் தடுப்பாளர்), இருவரும் ஒரே காலம். 2003 நேஷனல் லீக் இறுதித் தொடரில் மயாமியில் பிறந்தவர் கப்ஸ் அணிக்காகவும், வெனிசுவேலாவில் பிறந்தவர் மார்லின்ஸ் அணிக்காகவும் எதிரெதிரே ஆடினார்கள். அணியை வைத்துப் பிரிக்கலாம் என்றால், மயாமியில் பிறந்தவர் 1994 முதல் 2001 வரை புளூ ஜேஸில் இருந்தார். வெனிசுவேலாக்காரரும் 2010இல் அதே அணிக்கு வந்து சேர்ந்தார்.

பெயரோடு ஆண்டு, அணி இரண்டையும் சேர்த்துவிட்டால்? கென் கிரிஃபி என்ற ஒரே பெயர் கொண்ட அப்பாவும் மகனும் அதையும் உடைத்துவிடுவார்கள். 1990, 1991 இரண்டு பருவங்களிலும் இருவரும் சியாட்டில் மரினர்ஸ். இருவரும் அவுட்ஃபீல்டர் (மைதானத்தின் வெளிப்பகுதித் தடுப்பாளர்), இருவரும் இடக்கை. 'ஜூனியர்' என்ற ஒட்டை விட்டுவிட்ட பட்டியலில் பிறந்த தேதியைத் தவிர வேறு எதுவும் கைகொடுக்காது.

ஆகவே முதல் வேலை, பெயரை விட்டுவிட்டு அடையாளக் குறியீட்டைப் பிடிப்பது. லாமன் என்ற பேஸ்பால் புள்ளிவிவரத் தரவுத்தளத்தில் அது குடும்பப் பெயரின் முதல் 5 எழுத்து, முன்பெயரின் முதல் 2 எழுத்து, பிறகு ஈரிலக்க எண். கிரிஃபி அப்பாவுக்கு 01, மகனுக்கு 02. ரெட்ரோஷீட் என்ற இன்னொரு பேஸ்பால் தரவுத் தொகுப்பின் அமைப்பு வேறு: 4 எழுத்து, 1 எழுத்து, மூன்றிலக்க எண். ஒன்றின் குறியீடு மற்றதன் குறியீட்டோடு பொருந்தாது. இரண்டையும் பொருத்த, ஒவ்வொரு ஆளுக்கும் இரு குறியீடுகளையும் தரும் சாட்விக் பதிவேடு இருக்கிறது; அதை நடுவில் வைத்து இணையுங்கள். பெயரை வைத்து இணைத்தால், இந்தப் பக்கம் 2 பேர், அந்தப் பக்கம் 2 பேர் என்று 4 வரிகள் முளைக்கும். எக்செல் எந்த எச்சரிக்கையும் தராது. இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார்ப்பதுதான் ஒரே காவல்.

குறியீடே இல்லாத பட்டியல் என்றால் முழுப் பிறந்த தேதியைக் கேளுங்கள், ஆண்டோடு. மேக்ஸ் மன்சி என்ற பெயருள்ள ஆட்டக்காரர் இருவருக்கும் பிறந்தநாள் ஆகஸ்ட் 25தான்; ஒருவர் 1990, மற்றவர் 2002. இருவரையும் டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுத்ததும் ஓக்லண்ட் அணியே. விதி விளையாடுகிறது என்பது இதுதான் போலும். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனி நெடுவரிசைகளில் வையுங்கள். 1900க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாகவே ஏற்காது. 19ஆம் நூற்றாண்டு ஆட்டக்காரர்களின் வரிசை கலைந்துவிடும்.

ஆளைச் சரியாகப் பிரித்த பிறகும் ஒரு குழி உண்டு. பருவத்தின் நடுவில் அணி மாறியவருக்குச் சில அட்டவணைகள் அணிக்கு ஒரு வரியும், கூடவே மொத்த வரி ஒன்றும் தரும். 2010இல் வெனிசுவேலா கோன்சாலஸ் புளூ ஜேஸுக்கு 17, பிரேவ்ஸுக்கு 6, மொத்தம் 23 ஹோம் ரன். மூன்று வரியையும் கூட்டினால் 46. மொத்த வரியை முதலிலேயே நீக்கிவிடுங்கள். பேட்டிங் சராசரிகளைக் கூட்டி வகுப்பதும் இதே ரகத் தவறு: ஹிட்டுகளை (பேஸை எட்டவைத்த அடிகள்) தனியாக, அட்-பேட்களை (சராசரிக்கு எண்ணப்படும் பேட்டிங் வாய்ப்புகள்) தனியாகக் கூட்டி, பிறகே வகுக்க வேண்டும்.

கடைசியில் சோதனைக்கு ஃபிராங்க் தாமஸ்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 286, 521 என்று இரண்டு வரிகளாக வந்தால் அட்டவணை சரி.