பாரி மகளிரைத் தேடித் திருக்கோவலூருக்கு

விடுப்பில் தாயகம் வந்து, சங்க காலத்தோடு தொடர்புடைய இடங்களைக் காண விரும்புவோர் பெரும்பாலும் கீழடி அருங்காட்சியகத்தையும் கன்னியாகுமரியில் உள்ள 133 அடி வள்ளுவர் சிலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். இரண்டும் பார்க்க வேண்டியவைதாம். ஆனால், சங்கப் புலவர்களின் சொல்லும் நினைவும் இத்தனை நூற்றாண்டுகள் எவ்வாறு நிலைத்தன, நிலைத்த காலத்திலேயே எவ்வாறு உருமாறின என்பதை ஒரே பகலில் நேரில் காண வேண்டுமானால், கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூருக்குச் செல்ல வேண்டும். பேருந்துப் பலகைகளில் ஊரின் பெயர் திருக்கோயிலூர் என்றிருக்கும்.

சென்னையிலிருந்து விழுப்புரம், திருவண்ணாமலை செல்லும் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன. கோயம்பேட்டுக்குப் போய் அலைய வேண்டாம். விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ திருக்கோவலூர் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். விழுப்புரம் – காட்பாடி இருப்புப்பாதையில் ரயில் நிலையமும் உண்டு. கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறக்கும் என்பதால், காலை ஒன்பது மணிக்குள் ஊரில் இருப்பது நல்லது.

முதலில் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்குச் செல்லுங்கள். சிவனின் வீரச்செயல்கள் நிகழ்ந்தனவாகச் சொல்லப்படும் எட்டுத் தலங்களாகிய அட்ட வீரட்டானங்களுள் ஒன்றான இத்தலத்துக்கு வருவோர் பெரும்பாலும் அந்தகாசுர வதம் நிகழ்ந்த இடமென்று வணங்கிச் செல்பவர்கள். நமக்கு வேண்டியது சுவரிலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு. வள்ளல் பாரியின் நண்பரான புலவர் ‘செஞ்சொற் கபிலன்’, தன்னிடம் அடைக்கலமாக இருந்த அவன் மகளை இவ்வூரை ஆண்ட மலையமான் குடிக்கு மணம் செய்து கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றின் நடுவே தீப்புகுந்து உயிர் நீத்த செய்தியைச் சொல்லி, அந்த இடத்தைக் ‘கனல்புகும் கபிலக்கல்’ என்று அது குறிக்கிறது. புறநானூறு அச்சேறியது 1894இல். அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே, ஏடு படிக்க வழியில்லாத ஊர் மக்களும் காணும்படி கபிலரின் கதை கோயில் சுவரில் ஏறிவிட்டது.

கல்வெட்டின் முன் நிற்கும்போது கைப்பேசியில் புறநானூற்றின் 236ஆம் பாடலையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பாரி இறந்தபின் அவன் மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்த கபிலர் பாடியது என்கிறது அதன் அடிக்குறிப்பு. வடக்கிருத்தல் என்பது உண்ணா நோன்பிருந்து உயிர்விடுதல்; கல்வெட்டோ தீயைச் சொல்கிறது. குறிப்பில் பார்ப்பார் நிற்கும் இடத்தில் கல்வெட்டில் மலையர் நிற்கின்றனர். எது சரி என்ற வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. தங்கள் ஊரோடும் மலையமான் குடியோடும் கபிலரின் முடிவைச் சேர்த்துவைக்க விரும்பிய ஒரு தலைமுறை, பழங்கதையைத் தனக்கேற்றவாறு சொல்லிக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே கோயிலில் உள்ள பெரியானைக் கணபதி சந்நிதி இக்கதையின் அடுத்த அடுக்கு. ஔவையார் விநாயகர் அகவல் பாடியதும், கணபதி துதிக்கையால் அவரைத் தூக்கிக் கயிலையில் சேர்த்ததும் இங்குதான் என்பது தல வரலாறு. பாரி மகளிருக்கு ஔவையே முன்னின்று திருமணம் செய்துவைத்தார் என்ற கதையும் இப்பக்கத்தில் வழங்குகிறது. ‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்’ என்று பாடிய அப்பெண்களை இன்று எல்லோரும் அங்கவை, சங்கவை என்றே அழைக்கின்றனர்; சங்கத் தொகை நூல்களிலோ அப்பெயர்கள் இல்லை. அதியமானைப் பாடிய ஔவை வேறு, அகவல் பாடிய ஔவை வேறு என்பது ஆய்வாளர் கருத்து. சந்நிதியில் இதைச் சொல்லிக் குருக்களோடு வாதாட வேண்டாம். கல்வெட்டைப் படமெடுக்க அவரிடம்தான் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

கபிலர் குன்று என்று இன்று மக்கள் சொல்வது தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் பெரும்பாறை. அதன் உச்சியில் சிறிய கோயில் ஒன்று இருக்கிறது. கோடையில் மணலில் நடந்தே அருகில் செல்லலாம். ஐப்பசி, கார்த்திகையில் வருவோர் கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மேலே சாத்தனூர் அணையைத் திறந்தால் ஆறு எப்படிப் பெருகும் என்பதை 2024 டிசம்பரில், பெஞ்சல் புயலை ஒட்டி, கரையோர ஊர்கள் கண்டன.

பிற்பகலில் வண்டி அமர்த்திக்கொண்டு சம்பைக்குச் செல்லுங்கள். பெயர்ப்பலகையில் ஜம்பை என்றிருக்கும். குன்றிலுள்ள குகைத்தளத்தில் ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்று தமிழ் பிராமியில் வெட்டப்பட்டிருப்பதை 1981இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் கண்டறிந்தனர். சமண முனிவர்கள் தங்குவதற்கு அதியமான் அளித்த இடம் என்பது அதன் பொருள். அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லப்படும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்துக்கொண்டிருந்தனர். இந்த ஒற்றை வரி அவ்விவாதத்தை ஏறத்தாழ முடித்துவைத்தது. தகடூர் (இன்றைய தருமபுரி) அரசனான அதியமானின் பெயர் இத்தனை தொலைவில் ஏன் என்று கேட்பவர்கள் புறநானூற்றின் 99ஆம் பாடலைப் பார்க்க வேண்டும். ‘முரண்மிகு கோவலூர் நூறி’ என்று அவன் இவ்வூரை அழித்ததையே ஔவையார் அதில் பாடுகிறார். மாலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் தெளியும். எழுத்தின்மேல் சுண்ணக்கட்டியோ மாவோ பூசிப் படமெடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது கல்லைக் கெடுக்கும்.

இன்னொரு நாள் கிடைத்தால் காஞ்சிபுரத்துக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூர். அங்கு வைகுந்தப்பெருமாள் கோயிலில் உள்ள 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தகச் சோழன் கல்வெட்டுகள் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. கயிற்றால் கட்டிய குடத்தின் பொறியை (முத்திரையை)ச் சரிபார்த்து ஓலை எடுப்போரை, பிணத்தின் குடரைக் கொத்தி இழுக்கும் பறவைக்கு உவமையாக்கும் அகநானூற்றின் 77ஆம் பாடலோடு சேர்த்துப் படித்தால், வழக்கத்தின் தொன்மை விளங்கும். மக்களாட்சியின் தொட்டில் என்று பிள்ளைகளிடம் சொல்வதற்குமுன், நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடைய 35 முதல் 70 வயது வரையான ஆண்களுக்கே அங்கு இடமிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கிய விதியைத் தாராளமாகப் புகழலாம்.

பனையோலை ஏடுகளைக் காண சென்னை பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது, முன்கூட்டியே எழுதிக் கேட்டுச் செல்வது முறை. யாழ்ப்பாணம் செல்வோர் சிறுப்பிட்டியையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த ஊர் அது. சம்பைக் கல்வெட்டு வெளிப்பட்ட அதே 1981இல்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் எரிக்கப்பட்டது. கட்டடம் புதுப்பிக்கப்பட்டுப் பயன்பாட்டில் இருக்கிறது. எரிந்த சுவடிகளை மீட்க வழியில்லை.

தமிழ்நாட்டில் பூர்வீக வீட்டை விற்கவோ இடிக்கவோ வருபவர்கள் பரணில் மருத்துவ ஏடு, சோதிட ஏடு என்று ஏதேனும் கட்டு கிடைத்தால் அதைப் பழைய பொருள் வாங்குபவரிடம் கொடுத்துவிட வேண்டாம். நினைவுப்பொருளாகப் பெட்டியில் எடுத்துச் செல்லவும் முடியாது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 75 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய மதிப்புமிக்க சுவடிகள் தொல்பொருள்களாகக் கருதப்படுவதால், தனியார் அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லத் தடையுண்டு. எண்ணெய் பூசாமலும் ஒட்டிய ஏடுகளைப் பிரிக்க முயலாமலும் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ தஞ்சை சரசுவதி மகாலிலோ காட்டிக் கருத்துக் கேளுங்கள். ஒப்படைத்தால் எழுத்துமூலம் ஒப்புகை பெற்றுக்கொள்வதோடு, படியெடுத்தபின் அதன் மின்படியைக் குடும்பத்துக்குத் தரும்படியும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.