கீமோதெரபியால் வரும் கை, கால் விறைப்பு: கவனிக்க வேண்டியவை

பக்லிடாக்சல், ஒக்சாலிபிளாட்டின், வின்கிறிஸ்டின் போன்ற மருந்துகள் நரம்புகளின் நுனிகளைப் பாதிப்பதால் விரல்கள் விறைத்து, ஊசி குத்துவது போன்ற உணர்வு தோன்றுகிறது. சட்டைப் பொத்தானைப் பூட்டும்போது விரல் தடுமாறினால், அடுத்த முறை மருந்து ஏற்றுவதற்கு முன்னரே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்; அளவைக் குறைப்பதா, சற்று இடைவெளி விடுவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டிய நேரம் அதுதான். சிகிச்சை நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் பலர் இதை மறைப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

விறைப்புடன் வலியும் இருந்தால் வைத்தியர் டுலொக்செற்றின் மாத்திரையை, வழக்கமாக 30 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரத்தின் பின் 60 ஆக உயர்த்தித் தரக்கூடும். மார்பகப் புற்றுநோய்க்கான தமொக்சிஃபென் மாத்திரை எடுப்பவர்கள், அதன் பயனை டுலொக்செற்றின் குறைக்கக்கூடும் என்பதால், அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்தக்கூடாது.

ஒக்சாலிபிளாட்டின் ஏற்றிய பின் சில நாட்களுக்குக் குளிர் விறைப்பைத் தூண்டும் என்பதால், ஐஸ் தண்ணீரைத் தவிர்த்து, குளிர்சாதனப் பெட்டிக்குள் கைவிடும்போது கையுறை அணியுங்கள்.

திருகோணமலையில் வாழ்பவர்கள் சூட்டையும் கவனிக்க வேண்டும். வெந்நீர் விறைப்பை எடுக்கும் என்று நம்பிக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குச் செல்பவர்கள், விறைத்த காலுக்குச் சூடு தெரியாது என்பதால், உடன் வருபவரைத் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கச் சொன்ன பின்னரே ஊற்றிக்கொள்ள வேண்டும். கோணேசர் கோவிலுக்கு, கல் தரை காயுமுன் அதிகாலையிலேயே போய் வாருங்கள். உப்புவெளிக் கடற்கரையின் சுடுமணலில் செருப்பின்றி நடக்காதீர்கள். இரவில் படுக்குமுன் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து, விரலிடுக்கிலும் உள்ளங்காலிலும் கொப்புளமோ கீறலோ உண்டா என்று பாருங்கள்.