ஆடியில் விதைக்காதீர்கள்: காலனிப் பூங்காவில் காட்டுப்பூ வளர்க்கிற முறை

தபால் ஆபீசில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பாளையங்கோட்டையில் எங்கள் காலனிப் பூங்காவின் கிழக்கு மூலையில் இப்போது தும்பை, விஷ்ணுகிராந்தி, மழை லில்லி எல்லாம் பூக்கின்றன. முதல் வருஷம் அங்கே ஒன்றுமே முளைக்கவில்லை. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று ஊரே சொல்கிறதே என்று ஆடியில் விதைத்தேன். ஆடியில் சாரல் அடிப்பது குற்றாலத்தில். மலையை விட்டு இவ்வளவு தள்ளி இருக்கிற நமக்கு மிஞ்சுவது காற்றுதான். விதையைத் தூவிய மூன்றாம் நாள் மேல்மண்ணோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. நம் பக்கத்தில் நம்பக்கூடிய மழை ஐப்பசியும் கார்த்திகையும். ஆகவே விதைப்பு புரட்டாசிக் கடைசியில்.

ஆனால் மண் வேலை தொடங்குவது சித்திரையில். கோரை இருக்கிறதே, அதை ஒழிக்காமல் பூவைப் பற்றிப் பேசவே கூடாது. மேலே புல்லைப் பிடுங்கினால் போய்விட்டது என்று நினைப்போம். கீழே மணி மணியாகக் கிழங்கு கோத்துக்கொண்டு கிடக்கும். மம்பட்டியால் முக்கால் அடி ஆழம் கொத்திப் புரட்டி, கட்டியை உடைத்து, கிழங்குகளை வெயிலில் விரித்துவிடுங்கள். அக்கினி நட்சத்திர வெயில் நமக்குச் சம்பளம் கேட்காத ஆள். பத்து நாளில் மறுபடி ஒருமுறை புரட்ட வேண்டும். கோடைமழை ஒன்று பெய்ததும் தப்பிப் பிழைத்தவை தலை நீட்டும். அப்போது களைக்கொத்தியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிளப்ப வேண்டும். எனக்கு முதுகு போனது இதில்தான்.

உரம் போடாதீர்கள். எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் ஆசையாக ஒரு வண்டி சாணி உரம் கொண்டுவந்து கொட்டினார். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. அந்த வருஷம் புல் இடுப்பளவு வளர்ந்தது, தும்பை அதற்குள் மூச்சு முட்டிச் செத்தது. காட்டுப்பூவுக்கு மெலிந்த மண்தான் பிடிக்கும். கரிசலாக இருந்தால் மட்டும் அரை அடி மேடாக்கி, உடைந்த செங்கல் ஜல்லியைக் கலந்துவிடுங்கள். தண்ணீர் நின்றால் நாம் நடுகிற பூக்கிழங்கு அழுகிவிடும்.

இதற்கு நடுவிலேயே அனுமதி வாங்கிவிட வேண்டும். பூங்கா மாநகராட்சியுடையது. வார்டு கவுன்சிலரிடம் ஒரு மனு, மண்டல அலுவலகத்தில் ஒரு மனு. இரண்டுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடம், எத்தனை அடி என்று படம் வரைந்து கொடுத்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

விதை சேர்ப்பது மாசி, பங்குனியில். ரெட்டியார்பட்டி மலையடிவாரத்து ரோட்டோரத்தில் நான் ஆவாரங்காய் பறிப்பேன். காய் பழுப்பாகிக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு செடியில் இருப்பதையெல்லாம் உருவாமல், பத்துச் செடியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நல்லது. நிழலில் உலர்த்தி, பழைய கவர்களில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி வைக்கிறேன். ஆபீஸ் புத்தி போகாது. பாபநாசம், களக்காடு மலைக்குப் போகிறவர்கள் அங்கிருந்து ஒரு விதைகூட எடுக்க வேண்டாம். அது புலிகள் காப்பகம். செங்காந்தள் கிழங்கும் அப்படித்தான். கண்வலிக்கிழங்கு என்று சாகுபடி செய்கிற விவசாயிகளிடம் விலைக்கு வாங்குங்கள்.

செங்காந்தளைப் பற்றி ஒன்று. நம் மாநில மலர், அழகுக்குக் குறைவில்லை, ஆனால் கிழங்கு முதல் விதை வரை விஷம், ஆளைக் கொல்லும். பிள்ளைகள் விளையாடுகிற பூங்காவில் அது வேண்டாம் என்பது என் கட்சி. எங்கள் கமிட்டியில் இதற்கு ஒரு மாதம் சண்டை நடந்தது. கடைசியில் பூட்டிய கேட்டுக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வேலியோரம் மட்டும் வைத்தோம். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கின் முனையில்தான் முளை இருக்கும், அது ஒடிந்தால் கிழங்கு வீண். படுக்கை வாக்கில் மூன்று விரல் ஆழத்தில் வைத்து மூட வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு பெரியவர்கள் மட்டும் செய்யட்டும்.

பிள்ளைகளுக்கு மழை லில்லி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடிதான், ஆனாலும் நம் மழைக்கு நன்றாகப் பழகிவிட்டது. நல்ல மழை பெய்து சில நாளில் திடீரென்று மொத்தமாகப் பூக்கும். யார் வீட்டுத் தொட்டியிலாவது நெருக்கிக்கொண்டு கிடக்கும். கேட்டால் கொத்தாகவே தருவார்கள். 10 அடி நீளம், 3 அடி அகலப் பாத்திக்கு அரை அடி இடைவெளியில் 120 கிழங்கு. கழுத்து மண்மட்டத்தில் தெரிகிற மாதிரி நட வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து கிழங்கு, ஒரு குச்சி, அவ்வளவுதான். ஒரு பயல் ஐந்தையும் தலைகீழாக நட்டுவிட்டு, “ஆச்சி, வேர் வெளிய வந்துட்டு” என்று ஓடிவந்தான். எல்லாருக்கும் முதலில் ஒன்றை நட்டுக் காட்டிவிடுங்கள். இந்தக் கிழங்கும் வாய்க்கு ஆகாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்துவிட்டுத்தான் பலகாரம்.

காட்டுப்பூ விதைகளில் ஆவாரைக்குத் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு மறுநாள் விதைக்கலாம். தும்பை, விஷ்ணுகிராந்தி விதை பொடி. ஒரு பிடி விதைக்கு நாலு பிடி உலர்ந்த மணல் கலந்து தூவினால் சீராக விழும். மேலே மண் போடாமல் வெறும் காலால் மிதித்துவிடுங்கள். பிள்ளைகள் இதற்கென்றே வருவார்கள். கிலுகிலுப்பை நாலைந்து செடி இருந்தால் பட்டாம்பூச்சி வரும். காயை ஆட்டி விளையாடலாம், வாயில் வைக்கக் கூடாது. சங்குப்பூவை வேலி இல்லாத இடத்தில் போடாதீர்கள். ஆட்டுக்கு அது அல்வா. பனைமட்டையை வரிசையாக ஊன்றி வேலி போட்ட பிறகுதான் எங்களுக்கு ஒரு கொடியாவது மிஞ்சியது. விதைப்பந்து வேண்டுமா என்று கேட்பார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

நடுகிற அன்று 40 பேர் வருவார்கள். கருப்பட்டிக் காப்பி போதும், கூட்டம் கலையாது. மூன்றாவது வாரம் நாலு பேர் இருப்போம். அந்த நாலு பேருக்குத்தான் பெரிய வேலை: வெட்டவிடாமல் காப்பது. காட்டுப்பூ பூக்கிற வரைக்கும் களை மாதிரியேதான் இருக்கும். இரண்டாம் வருஷம் சுத்தம் செய்ய வந்த ஆட்கள் மெஷினை வைத்துத் தும்பை முழுவதையும் சிரைத்துவிட்டுப் போனார்கள், மொட்டு விட்ட வாரத்தில். அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, நானும்தான். இப்போது பாத்தியைச் சுற்றி வெள்ளையடித்த கல் பதித்திருக்கிறோம். மெஷின் ஓட்டுகிற தம்பியை முன்னதாகவே அழைத்து, எது எது என்ன செடி என்று காட்டிவிடுகிறேன். ஆவாரை இலை ஓட்டையாக இருக்கிறதே, மருந்தடிக்கலாமா என்று அவரே வந்து கேட்டார். மஞ்சள் பட்டாம்பூச்சியின் புழு அது, விட்டுவிடு என்றேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் பாத்தி இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. தும்பை போய்விட்டது, லில்லி பிழைத்தது. அடுத்த புரட்டாசிக்குக் கவரில் மிச்சம் வைத்திருந்த விதைதான் கைகொடுத்தது. ஆகவே எல்லா விதையையும் ஒரே வருஷத்தில் தூவிவிடாதீர்கள், பாதியை வையுங்கள்.

மார்கழிக் கடைசியில் சிறுபீளை வெள்ளை வெள்ளையாக நிற்கும். பொங்கலுக்கு வாசலில் செருகப் பறிக்க வருவார்கள். தடுக்க வேண்டாம். வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளச் சொல்லி, ஒரு கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இதுவரை இரண்டு கத்தரிக்கோல் காணாமல் போயிருக்கிறது. செடி அப்படியே இருக்கிறது.