கல்லீரல் போல இருந்தால் கல்லீரல் மருந்தா? லிவர்வொர்ட் செடிகளில் செய்யக்கூடாத தவறுகள்

"மடல் மடலாகக் கல்லீரல் மாதிரி இருக்கிறது, அதனால் கல்லீரலுக்கு நல்லது." ஈரமான இடங்களில் வளரும், பூக்காத சிறு செடிவகையான லிவர்வொர்ட் பற்றிய தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். ஒரு செடியின் உருவமே அது எந்த உறுப்புக்கு மருந்து என்று காட்டிவிடும் என 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பாராசெல்சஸ் போன்ற மருத்துவர்கள் நம்பினார்கள். மார்கான்ஷியா என்ற லிவர்வொர்ட் கல்லீரல் மருந்தானது அந்த நம்பிக்கையால்தான். அதிலுள்ள மார்கான்டின் என்ற சேர்மத்தை ஆய்வகங்களில் சோதித்து வருகிறார்கள் என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு கஷாயம் போட்டுக் குடிக்காதீர்கள். இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது இன்னும் ஆபத்து.

பழைய மூலிகைக் குறிப்புகளை அப்படியே நம்புவதிலும் சிக்கல் உண்டு. ஹெபாடிகா என்ற பூச்செடியையும் லிவர்வொர்ட் என்ற இதே பெயரில்தான் அழைத்தார்கள். அதன் பச்சை இலைச்சாறு தோலையும் வயிற்றையும் புண்ணாக்கும். 18-ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் மீட் என்ற ஆங்கிலேய மருத்துவர் நாய்க்கடிக்கு மிளகுடன் கலந்து கொடுத்த 'லிவர்வொர்ட்', உண்மையில் பெல்டிஜெரா என்ற லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிரி. பூ பூத்தால் அது லிவர்வொர்ட் அல்ல. லிவர்வொர்ட்டுக்கு விதையும் கிடையாது, உண்மையான வேரும் கிடையாது; ஒற்றைச் செல்லால் ஆன வேரிகள்தான் பிடிமானம்.

தட்டையாகப் படர்வது மட்டுமே லிவர்வொர்ட் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான இனங்களுக்குச் சிறு இலைகள் உண்டு, அதனால் மாஸ் என்னும் பாசிச்செடி என்று தோன்றும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: இலையில் நடுநரம்பு இருக்காது, நுனி பல இனங்களில் பிளவுபட்டிருக்கும்.

மரப்பட்டையில் ஒட்டி வளரும் ஃப்ரல்லானியா என்ற லிவர்வொர்ட்டை வெறுங்கையால் உரிக்காதீர்கள். மரம் வெட்டுவோருக்குக் கடும் தோல் அழற்சி வர இது காரணமாகிறது. மரத்தின் சாற்றை இது உறிஞ்சுவதில்லை, விட்டுவிடலாம்.

தொட்டி மண்ணில் மார்கான்ஷியா வந்துவிட்டால் மேலோட்டமாகச் சுரண்டி எடுப்பார்கள். பலன் இருக்காது. அதன் மேற்பரப்பில் பல்விளிம்புள்ள குட்டிக் கிண்ணங்கள் தெரியும்; ஒவ்வொன்றிலும் கடுகைவிடச் சிறிய பச்சை வில்லைகள், அதாவது ஜெம்மாக்கள், குவிந்திருக்கும். ஒரு நீர்த்துளி விழுந்தாலே அவை தெறித்துப் பக்கத்துத் தொட்டிக்குப் போய்விடும். அறுந்து கிடக்கும் துண்டும் திரும்பத் துளிர்க்கும். மேல்மண்ணோடு சேர்த்து அள்ளி அப்புறப்படுத்துங்கள். பூவாளியால் மேலிருந்து ஊற்றாமல் செடியின் அடியில் ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். உரத்தை மண்மேல் தூவுவதையும் குறையுங்கள்.