வால்வு மாற்றச் சொல்லிவிட்டார்களா? முடிவெடுக்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இரும்பு வால்வா, மாட்டு வால்வா, எது நல்லது?" இருதய கிளினிக் வரிசையில் இந்தக் கேள்வி ஓயாது. பக்கத்துக் கதிரைக்காரர் தனக்குப் போட்டதைச் சிறந்தது என்பார். கனடாவில் இருக்கும் மச்சான் வட்ஸ்அப்பில் வேறொன்று சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. கேள்விதான் பிழை. இரண்டுமே நல்ல வால்வுகள், இரண்டுக்கும் விலை உண்டு. இரும்பு வால்வு என்று சொல்லப்படும் செயற்கை வால்வுக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் குளிசையும் ஆயுள் முழுக்க இரத்தப் பரிசோதனையும் விலை. விலங்குத் திசு வால்வுக்குப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து இன்னொரு சத்திரசிகிச்சை வரலாம் என்பது விலை. திருகோணமலை மாவட்டத்து வெருகலிலோ குச்சவெளியிலோ இருந்துகொண்டு இதில் எந்த விலையை உங்களால் கொடுக்க முடியும் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

பெரிய தவறொன்று இதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. வால்வைத் திருத்த முடியுமா என்று பலர் கேட்பதே இல்லை. நம் பக்கத்தில் இளம் வயதில் வால்வு கெடுவதற்கு முக்கிய காரணம் சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சல். தொண்டைத் தொற்றுக்கு எதிராக உடல் எழுப்பும் எதிர்ப்பு தன் இருதயத்தையே தாக்கி, பெரும்பாலும் இருதயத்தின் இடப்பக்கத்து இரு அறைகளுக்கு நடுவே உள்ள மைற்றல் வால்வைத் தடிப்பாக்கி ஒட்டவைத்துவிடும். வால்வு சுருங்கி மட்டும் இருந்து, கசிவு அதிகம் இல்லாமல், சுண்ணாம்பும் படியாமல் இருந்தால் தொடை இரத்த நாளம் வழியாக பலூன் செலுத்தி விரிக்கலாம். கசியும் வால்வுகள் சிலவற்றைத் தைத்துச் சீர்செய்யலாம். எல்லோருக்கும் இது பொருந்தாது, வாதக்காய்ச்சலால் கெட்ட வால்வைத் திருத்துவது கடினமும்கூட. ஆனாலும் எக்கோ (இருதய ஸ்கேன்) அறிக்கையைக் கையில் வைத்து "பலூனோ திருத்தமோ ஏன் சரிவராது?" என்று வைத்தியரிடம் கேட்டு, காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

அடுத்தது வயதை மட்டும் பார்த்து முடிவெடுப்பது. அமெரிக்க வழிகாட்டல் பெருநாடி வால்வுக்கு (இருதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் வெளியேறும் வாசல்) 50 வயதுக்குக் கீழே செயற்கை வால்வு, 65க்கு மேலே திசு வால்வு, இடையில் பேசித் தீர்மானிக்கவும் என்கிறது. ஐரோப்பிய வழிகாட்டலின் எல்லைகள் வேறு. பெருநாடிக்கு 60க்குக் கீழேயும் மைற்றலுக்கு 65க்குக் கீழேயும் செயற்கை வால்வை யோசிக்கச் சொல்கிறார்கள். காரணம் எளிது. இள உடம்பில் திசு வால்வில் சுண்ணாம்பு வேகமாகப் படிந்து சீக்கிரம் கெடுகிறது, முதியவரில் மெதுவாகக் கெடுகிறது. சிறுநீரக நோய் உள்ளவர்களிலும் அது சீக்கிரம் கெடலாம். ஆனால் இந்த எண்களை எழுதியவர்களின் கண்முன் பெரும்பாலும் நின்றவர், வயதாகிப் பெருநாடி வால்வு இறுகிய மேல்நாட்டு நோயாளி. மைற்றல் வால்வு கெட்ட, இன்னும் பிள்ளை பெறாத முப்பது வயது மூதூர்ப் பெண்ணுக்கு அந்த அட்டவணையை அப்படியே பொருத்த முடியாது.

அந்தப் பெண்ணின் விடயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கே கூச்சத்தால் மிக மோசமான தவறு நடக்கிறது. "பிள்ளை வேணுமா?" என்று வைத்தியர் கேட்கும்போது மாமியாரும் அண்ணனும் பக்கத்தில் நிற்பார்கள், அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். வார்பரின் நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தையைச் சென்றடையும் மருந்து. கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரம் வரை குழந்தையின் எலும்பு, மூக்கு வளர்ச்சியை அது பாதிக்கலாம், கருச்சிதைவு ஆபத்தும் உண்டு. நாளுக்கு 5 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ போதுமான பெண்களில் ஆபத்து குறைவு. வார்பரினுக்குப் பதில், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசிக்கு மாறினால் குழந்தைக்கு நல்லது, ஆனால் தாயின் வால்வில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். இதனால்தான் சில பெண்களுக்கு, இன்னொரு சத்திரசிகிச்சை நிச்சயம் வரும் என்று தெரிந்தும், திசு வால்வு போடுகிறார்கள். அது வயதைப் பார்த்துச் செய்த பிழையல்ல, கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. என் கருத்தில் இந்தப் பேச்சை அந்தப் பெண்ணும் வைத்தியரும் மட்டும் இருந்து பேச வேண்டும், கணவர் வேண்டுமானால் சேரலாம். மற்றவர்கள் வெளியே தேநீர் குடிக்கட்டும். செயற்கை வால்வு ஏற்கெனவே உள்ளவர் மாதவிடாய் தள்ளிப்போனால், குளிசையைத் தானாக நிறுத்தாமல் அன்றே கிளினிக்கிற்குச் சொல்ல வேண்டும்.

செயற்கை வால்வைத் தெரிவுசெய்வோர் சறுக்குவது, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை எண்ணாகக் காட்டும் ஐ.என்.ஆர் பரிசோதனையில். வார்பரின் இல்லாதவருக்கு இந்த எண் 1 அளவில் இருக்கும். பெருநாடியில் செயற்கை வால்வு இருந்தால் பொதுவாக 2.5ஐ ஒட்டியும், மைற்றலில் 3ஐ ஒட்டியும் வைத்திருப்பார்கள். மைற்றல் பக்கம் இரத்தம் மெதுவாக ஓடுவதால் அங்கே உறைவது எளிது. எண் இறங்கினால் வால்வு அடைபடலாம் அல்லது பாரிசவாதம் வரலாம், ஏறினால் இரத்தக்கசிவு. ஆரம்பத்தில் அடிக்கடி, நிலைப்பட்டபின் மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். எனவே சத்திரசிகிச்சைக்கு முன்பே கேளுங்கள். உங்கள் ஊருக்குக் கிட்டிய ஆஸ்பத்திரியில் இது செய்வார்களா, முடிவு அன்றே கிடைக்குமா, குளிசையின் அளவை யார் மாற்றுவார்? வெருகலிலிருந்து பஸ் ஏறி வருவதற்கு ஒரு நாள் கூலி போகுமென்றால் அதுவும் கணக்கில் சேர வேண்டிய செலவுதான். பலநாட் படகில் போகும் மீனவர் கடலில் இருக்கும்போது எப்படிப் பார்ப்பார்? கத்தியும் தூண்டிலும் புழங்கும் கையில் வெட்டு விழுந்தால் என்ன செய்வார்? இவற்றை வைத்தியரிடம் சொல்லாவிட்டால் அவர் எப்படி அறிவார்!

"புது மருந்து வந்திருக்கு, டெஸ்ட் தேவையில்லை" என்று வெளிநாட்டிலிருந்து வரும் செய்தியை நம்பி செயற்கை வால்வுக்குச் சம்மதிப்பது ஆபத்தான தவறு. அப்படி வார்பரினுக்குப் பதிலாக வந்த டபிகட்ரான் என்ற மருந்தைச் செயற்கை வால்வு உள்ளவர்களில் சோதித்த ஆய்வு 2013இல் வெளியானது. இரத்தம் உறைதலும் கசிவும் இரண்டுமே வார்பரினைவிட அதிகமானதால் அதை இடையில் நிறுத்தினார்கள். அதே போன்ற அபிக்சபான் மருந்துடன் செய்த இன்னொரு ஆய்வும் 2022இல் நிறுத்தப்பட்டது. செயற்கை வால்வுக்கு இன்றைய நிலையில் வார்பரின்தான்.

கீரை வார்பரினின் வேலையைக் குறைத்துவிடும் என்ற பயம் இதைவிடச் சிறியது, ஆனால் வீட்டில் சண்டையாவது அதுதான். முருங்கையிலையையும் வல்லாரைச் சம்பலையும் அடியோடு நிறுத்தத் தேவையில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். உண்மையில் பயப்பட வேண்டியது பாமசியில் வைத்தியர் துண்டில்லாமல் வாங்கும் டைக்ளோபெனக் போன்ற வலிக்குளிசைகள், சில கிருமிகொல்லிகள், என்ன கலந்தது என்று தெரியாத கஷாயங்கள். காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்கலாம், அதில் இரத்தம் உறைய உதவும் இரத்தச் சிறுதட்டுக்கள் குறையும். வார்பரின் குடிப்பவர் வீட்டில் இருந்து பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

திசு வால்வென்றால் குளிசையே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. முதல் மூன்று மாதத்துக்குப் பலருக்கு வார்பரின் கொடுப்பார்கள். இருதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கு, மைற்றல் நோயில் இது சாதாரணம், தொடர்ந்தும் தேவைப்படலாம். அப்படியானால் திசு வால்வின் முக்கிய நன்மை கையிலிருந்து நழுவிவிடுகிறது. "அடுத்த முறை நெஞ்சைத் திறக்காமல் கால் இரத்த நாளம் வழியாகப் போடலாம்" என்ற நம்பிக்கையையும் அளந்துதான் எடுக்க வேண்டும். பழைய வால்வுக்குள்ளே புதியதை வைக்கும்போது வாசல் இன்னும் ஒடுங்கும், முதலில் போட்டது சிறியதென்றால் அது சரிவராமல் போகலாம். விலையும் மிக அதிகம்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம்கள் பலர் மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் விடும் விடயம் ஒன்று உண்டு. திசு வால்வு இரண்டு விதம். ஒன்று பன்றியின் இருதய வால்வு, மற்றது மாட்டின் இருதயத்தைச் சுற்றியுள்ள சவ்வை வெட்டித் தைத்தது. இரண்டையும் குளுட்டரால்டிஹைட்டில் பதப்படுத்துவதால் உயிருள்ள கலங்கள் அதில் இருக்காது. மார்க்கத் தடை பற்றிய தயக்கம் இருந்தால் கிளினிக்கில் வாய்விட்டே கேளுங்கள், எது இருக்கிறது, மாட்டுச் சவ்வு கிடைக்குமா என்று. உயிர் காக்கும் தேவையில் பன்றி வால்வையும் அனுமதிக்கும் மார்க்க அறிஞர்கள் பலர் உள்ளனர், உங்கள் ஆலிமிடம் முன்கூட்டியே பேசுவது நல்லது. மாட்டை நினைத்துத் தயங்கும் சைவ வீடுகளும் இருக்கின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சத்திரசிகிச்சை முடிந்து வார்டில் படுத்திருக்கும்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சொல்லித் தெரிந்துகொள்வதுதான் கூடாது.

செயற்கை வால்வு "டிக் டிக்" என்று கேட்கும். இரவில் சிலருக்கு எரிச்சல், பெரும்பாலோர் பழகிவிடுவார்கள். அது இருந்தால் எம்.ஆர்.ஐ எடுக்க முடியாது என்ற பேச்சும் தவறு, இன்றைய வால்வுகளின் இதழ்கள் கரிமத்தாலானவை. எந்த வால்வு போட்டது என்று எழுதிய வால்வு அட்டையைக் காட்டினால் போதும்.

இன்னொன்று பல். எந்த வால்வு போட்டாலும் வாயிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி அதில் குடியேறலாம், வந்தால் உயிருக்கே ஆபத்து. சொத்தைப் பல் இருந்தால் சத்திரசிகிச்சைக்கு முன்பே பல் கிளினிக்கில் காட்டுங்கள், பின்னர் வார்பரினோடு பல் கழற்றுவது பெரிய வேலை. வாதக்காய்ச்சல்காரர்கள் புது வால்வு வந்துவிட்டதென்று வாதக்காய்ச்சல் திரும்ப வராமல் போடும் பெனிசிலின் ஊசியை நிறுத்துவதும் நடக்கிறது. மற்ற வால்வுகள் இன்னும் உங்களுடையவைதான், எத்தனை வயது வரை போட வேண்டும் என்பதைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.